யாருக்கான தொலைக்காட்சி? – வாசகர் கேள்வி பதில்

பொதுச் சேவைத் தொலைக்காட்சியால் பார்வையாளருக்கும் சமூகத்துக்கும் உண்மையில் என்ன பயன் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: அரசுத் தொலைக்காட்சியும் பொதுச் சேவைத் தொலைக்காட்சியும் ஒன்றுதானே? பணம் மக்களுடையது, பிடி ஆட்சியில் இருப்பவருடையது.

பதில்: பணம் மக்களுடையது என்பதில் சந்தேகமில்லை. பிடி யாரிடம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. அதை அறிய அந்த நிறுவனத்தின் சட்டத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். தலைவரை நியமிப்பது யார்? அவரைப் பதவிக்காலம் முடியுமுன் நீக்க யாருக்கு அதிகாரம்? ஆண்டுதோறும் பணம் எவ்வளவு என்று முடிவுசெய்வது யார்? மூன்றுக்கும் ஒரே அமைச்சகம் விடையாக வந்தால் அது அரசுத் தொலைக்காட்சிதான், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும்.

இதை நீதிமன்றம் வரை கொண்டுபோய்த் தெளிவாக்கிய நாடு ஜெர்மனி. அன்றைய பிரதமர் அடெனாவரின் அரசு தன் கட்டுப்பாட்டில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தைத் தொடங்க முயன்றபோது, 1961 பிப்ரவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2014-ல் அதே நீதிமன்றம், பொதுச் சேவைத் தொலைக்காட்சியான இசட்டிஎஃப் நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுக்களில் அரசையும் அரசியலையும் சார்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு கட்டியது. ஒரு தலைமைச் செய்தி ஆசிரியரின் ஒப்பந்தம் அரசியல் காரணத்தால் நீட்டிக்கப்படவில்லை என்று எழுந்த சர்ச்சைதான் அந்த வழக்குக்கு வழிவிட்டது.

மூன்று விடைகளும் ஒன்றுபோல அமைவது அரிது என்பதையும் கவனியுங்கள். ஜப்பானின் பொதுச் சேவை நிறுவனமான என்எச்கே-யில் 12 பேர் கொண்ட ஆளுநர் குழு. இவர்களைப் பிரதமர் நியமிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும். நிறுவனத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது இந்தக் குழு. பணம் நேராக மக்களிடமிருந்து வருகிறது. ஆனால் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் நாடாளுமன்றத்துக்குப் போயாக வேண்டும், அங்கே ஒரு பிடி தங்கிவிடுகிறது. தூர்தர்ஷனை நடத்தும் இந்தியாவின் பிரசார் பாரதியில் நிலைமை வேறு. 1990-ல் இயற்றி 1997-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தலைவரைப் பரிந்துரைப்பது மாநிலங்களவைத் தலைவர், பத்திரிகை மன்றத் தலைவர், குடியரசுத் தலைவரின் பிரதிநிதி ஆகிய மூவர். ஏட்டில் இது நல்ல ஏற்பாடு. பணமோ பெரும்பாலும் அமைச்சகம் வழியாக வரும் மானியம். நியமனத்தில் கொடுத்த சுதந்திரத்தைப் பணத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சட்டப் பாதுகாப்பு மெலிந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு கிரீஸ் உதாரணம். 2013 ஜூன் 11 அன்று சிக்கன நடவடிக்கை என்று அறிவித்து, அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியான இஆர்டி-யின் ஒளிபரப்பை அன்றிரவே நிறுத்தினார்கள். அது மீண்டும் பழைய பெயரில் வர 2015 ஜூன் ஆயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊடக சுதந்திரச் சட்டம் 2025 ஆகஸ்ட் 8 முதல் பெரும்பாலும் நடைமுறையில் உள்ளது. தலைவர்களை வெளிப்படையான முறையில் நியமிக்க வேண்டும், போதிய பணம் நிலையாகக் கிடைக்க வேண்டும் என்று அது உறுப்பு நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது. எழுத்தில் இருப்பது எவ்வளவு தூரம் நடக்கும் என்பது இனித்தான் தெரியும்.

கேள்வி: நான் அந்தச் சேனலைப் பார்ப்பதே இல்லை. பிறகு ஏன் கட்டணம் கட்ட வேண்டும்? சந்தாவாக்கிவிட்டால் வேண்டியவர் கட்டுவார்.

பதில்: சந்தாவாக்கினால் நடப்பது இதுதான்: கட்டக்கூடியவருக்குப் பிடித்த நிகழ்ச்சிகள் மட்டும் மிஞ்சும். சிறுபான்மை மொழிச் செய்தி, காது கேளாதோர் சேவை, வெளிநாட்டுச் செய்தியாளர், குழந்தை நிகழ்ச்சி ஆகியவற்றில் எதுவும் சந்தாவில் தன் செலவை மீட்காது. பார்க்காதவருக்கும் இதில் பங்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் எந்தத் தகவலை வைத்து வாக்களிக்கிறார் என்பதன் விளைவு உங்கள் வீட்டுக்கும் வருமே.

ஆனால் கட்டணம் எப்படி வசூலாகிறது என்பதில் உங்கள் கோபத்துக்கு நியாயம் இருக்கலாம். தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருப்பவர் கட்ட வேண்டும் என்பது பழைய முறை. பிரிட்டனில் இன்று பெட்டி இல்லாவிட்டாலும், எந்தக் கருவியில் நேரலைத் தொலைக்காட்சியைப் பார்த்தாலும் உரிமக் கட்டணம் உண்டு. 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. கைபேசியிலும் கணினியிலும் பார்க்கத் தொடங்கியபின் யாரிடம் பெட்டி இருக்கிறது என்று வீடுவீடாகத் தேடுவது கேலிக்கூத்தாகிவிட்டது. ஜெர்மனி 2013-ல் அதை விட்டுவிட்டு, பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு கட்டணம் என்று வைத்தது. 2021 முதல் மாதம் 18.36 யூரோ. தேடல் தொல்லை ஒழிந்தது. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே தொகை என்ற குறை அப்படியே இருக்கிறது, உதவித்தொகை பெறுவோருக்கு மட்டும் விலக்கு. பின்லாந்து 2013-லும் சுவீடன் 2019-லும் வருமானத்தோடு இணைத்தன. சுவீடனில் வரிக்குரிய வருமானத்தில் 1 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பிரான்ஸ் 2022-ல் 138 யூரோ கட்டணத்தை நீக்கிவிட்டு மதிப்புக் கூட்டு வரியிலிருந்து ஒரு பங்கு ஒதுக்கியது. மக்களுக்கு இது இதமாகப் படும். ஒவ்வொரு ஆண்டும் நிதி அமைச்சர் வாசலில் நிற்க வேண்டிய ஆபத்து இதில்தான் அதிகம்.

வருமானத்தோடு இணைந்த கட்டணம், தொகையைக் கணக்கிட அரசுக்கு வெளியே ஒரு குழு, பல ஆண்டுக்கு ஒருமுறை முடிவு: இந்த மூன்றும் சேர்ந்ததையே சிறந்தது என்போம். ஜெர்மனியில் 16 நிபுணர் கொண்ட கேஇஎஃப் என்ற குழு தேவையைக் கணக்கிட்டுச் சொல்கிறது. 2020 இறுதியில் ஒரே ஒரு மாநிலம் 86 சென்ட் உயர்வைத் தடுத்தபோது, அடுத்த ஆண்டு நீதிமன்றம் தலையிட்டு உயர்வைக் கொடுக்க வைத்தது. இப்படி ஒரு பொறிமுறை இல்லாத இடத்தில் நடப்பதைத் தென்கொரியாவில் காணலாம். அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியான கேபிஎஸ்-ஸின் கட்டணம் 1981-ல் மாதம் 2,500 வான். விலைவாசி பலமடங்கான பிறகும் அதே 2,500. உயர்த்தும் துணிவு எந்த அரசுக்கும் வரவில்லை, மீதியை விளம்பரத்தில் தேட வேண்டியதாயிற்று.

மக்களிடமே கேட்டால் ஒழித்துவிடுவார்கள் என்பதும் எப்போதும் உண்மையில்லை. சுவிட்சர்லாந்தில் கட்டணத்தை அடியோடு நீக்கலாமா என்று 2018 மார்ச் 4 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 71.6 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நம்பிக்கை உடைந்தால் காட்சி தலைகீழாகும். அயர்லாந்தின் பொதுச் சேவை நிறுவனமான ஆர்டிஇ ஒரு பிரபல தொகுப்பாளருக்குக் கணக்கில் காட்டாமல் கொடுத்த தொகை 2023 ஜூனில் வெளிவந்ததும், உரிமம் புதுப்பிப்போர் எண்ணிக்கை சரிந்தது.

கேள்வி: டிஆர்பி பட்டியலில் அடியில் கிடக்கும் சேனலை எப்படி நல்ல சேனல் என்பது?

பதில்: டிஆர்பி விளம்பரதாரருக்காகப் பிறந்த அளவுகோல். மாதிரியாகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்தி, எந்த நிமிடத்தில் எத்தனை பேர் எதைப் பார்த்தார்கள் என்று கணக்கிடுவது அது. நாட்டு மக்களில் மிகச் சிறிய பகுதியினர் பேசும் மொழிக்கு அந்த மாதிரியில் விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளே வரும். இரண்டு வீட்டார் விருந்துக்குப் போனால் அந்த நிகழ்ச்சியின் எண் பாதியாகிவிடும். அதை வைத்து ஒரு சேவையை மூடுவது தவறு.

பொதுச் சேவையில் முதலில் பார்க்க வேண்டியது வீச்சு: ஒரு வாரத்தில் தொடர்ந்து 15 நிமிடமாவது பார்த்தவர் மக்களில் எத்தனை சதவீதம்? பிபிசி இப்படித்தான் கணக்கிடுகிறது. அந்த எண்ணை மொத்தமாக ஏற்காமல் வயது, வட்டாரம், கல்வி, மொழி வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். மொத்தம் 70 என்று காட்டிவிட்டு, 25 வயதுக்குக் கீழே 20 ஆக இருந்தால் எல்லோருக்குமான சேவை என்று சொல்ல முடியாது. அடுத்தது தனித்தன்மை. இந்த நிகழ்ச்சி இந்தச் சேனலில் வராவிட்டால் வேறு யாராவது தயாரிப்பார்களா? மாட்டார்கள் என்ற விடை வாரத்தில் எத்தனை மணி நேரத்துக்குப் பொருந்துகிறது என்று நிகழ்ச்சி நிரலை வைத்து எண்ணலாம். முதல் ஒளிபரப்பு எவ்வளவு, மறு ஒளிபரப்பு எவ்வளவு என்பதையும் பிரித்துப் பாருங்கள். பணம் குறையும்போது முதலில் தெரியும் அறிகுறி மறு ஒளிபரப்புப் பெருகுவது.

வீச்சை மட்டும் துரத்தினாலும் கெடுதல்தான். அந்த எண்ணை உயர்த்த எளிய வழி தனியார் சேனலின் நகலாவது.

கேள்வி: பாட்டுப் போட்டியும் நெடுந்தொடரும் மக்கள் பணத்தில் எதற்கு?

பதில்: செய்திக்கு ஆள் சேர்க்க. பொழுதுபோக்குக்காக வந்து உட்கார்ந்தவர் எழுந்து போகாமல் அடுத்து வரும் செய்தியையும் பார்த்துவிடுவார். பிபிசி-யின் முதல் தலைமை இயக்குநர் ஜான் ரீத் வகுத்த தகவல், கல்வி, பொழுதுபோக்கு என்ற வரிசையில் மூன்றாவதை வெட்டினால் முதல் இரண்டுக்கும் கூட்டம் குறையும். ஓடிடி வந்தபின் இந்தத் தற்செயல் பார்வை அருகிவருவது தனிக் கவலை.

கேள்வி: சமூகத்துக்கு நன்மை என்கிறார்களே, ஆய்வு ஆதாரம் உண்டா? அல்லது வெறும் நம்பிக்கையா?

பதில்: உண்டு. எல்லா ஆதாரமும் ஒரே தரம் இல்லை.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்கா, பிரிட்டன், டென்மார்க், பின்லாந்து நான்கையும் ஒப்பிட்டு 2009-ல் வந்த ஆய்வு. பொதுச் சேவை வலுவாக உள்ள நாடுகளில் பொது விவகாரம், வெளிநாட்டு நடப்பு பற்றிய அறிவு மக்களிடம் கூடுதலாக இருந்தது. படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையிலான அறிவு இடைவெளியும் அங்கே குறுகியிருந்தது. நான்கு நாடு வைத்துக் காரணத்தை நிறுவ முடியாது என்பது இதன் பலவீனம். டென்மார்க்கும் பின்லாந்தும் பள்ளிக் கல்வியிலும் முன்னிலையில் உள்ளவை. நன்மை பள்ளியால் வந்ததா, தொலைக்காட்சியால் வந்ததா என்று பிரிப்பது எளிதில்லை.

இந்தச் சிக்கலுக்கு அழகாக வழி கண்டது இன்னொரு ஆய்வு. அமெரிக்காவில் 1969 நவம்பரில் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற பாலர் நிகழ்ச்சி, சில ஊர்களில் விஎச்எஃப் அலைவரிசையிலும் சில ஊர்களில் யுஎச்எஃப் அலைவரிசையிலும் வந்தது. அந்நாளில் பல பெட்டிகளில் யுஎச்எஃப் சரியாக எடுக்காது. எந்த ஊருக்கு எது என்பது பெற்றோரின் படிப்பையோ வசதியையோ பார்த்துத் தீர்மானமானதில்லை. ஆகவே தெளிவாகத் தெரிந்த ஊர்க் குழந்தைகளையும் தெரியாத ஊர்க் குழந்தைகளையும் ஏறத்தாழ ஒரு சோதனைபோல ஒப்பிட முடிந்தது. தெரிந்த ஊர்களில் வயதுக்கேற்ற வகுப்பில் படிக்கும் குழந்தைகள் கூடுதலாக இருந்தார்கள். வசதி குறைந்த பகுதிகளில் பயன் அதிகம். வளர்ந்தபின் வருமானத்தில் தெளிவான பெரிய மாற்றம் தென்படவில்லை. அந்தப் பின்பாதியையும் சேர்த்துச் சொல்லும் கட்டுரையை நம்புங்கள்.

செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையான இந்தியாவின் சைட் திட்டமும் நினைவுக்கு வருகிறது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பாடம் ஒளிபரப்பானது. ஊருக்கு ஒரு பெட்டி, ஒரு டிஷ். ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோளை அமெரிக்கா எடுத்துக்கொண்டது, ஒளிபரப்பு நின்றது. இத்தகைய முயற்சிகளின் பொதுவான பாடம் என்னவென்றால், பெட்டியும் சிக்னலும் பாதி வேலைதான். பெட்டி பழுதானால் யார் சரிசெய்வது, உள்ளூர்ப் பேச்சில் நிகழ்ச்சி இருக்கிறதா, திரையில் சொன்ன விதை அந்த ஊரில் கிடைக்கிறதா என்பவை மீதிப் பாதி.

கேள்வி: பேரிடர் நேரத்தில் கைபேசியே போதுமே?

பதில்: கோபுரத்துக்கு மின்சாரம் இருக்கும்வரை. நிலநடுக்கத்திலும் புயலிலும் கைபேசிக் கோபுரங்களின் மின்கலம் சில மணி நேரத்தில் தீரும், அதற்கு முன்பே எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்து வலைப்பின்னல் நெரியும். ஒளிபரப்பு ஒரு கோபுரத்திலிருந்து எத்தனை லட்சம் பேருக்கும் போகும், கேட்பவர் கூடினாலும் நெரிசல் வராது. அதற்குக் கோபுரத்தில் சில நாளுக்கான எரிபொருளோடு ஜெனரேட்டர், தலைமை நிலையம் விழுந்தால் இன்னொரு நகரத்திலிருந்து ஒளிபரப்பும் ஏற்பாடு, எச்சரிக்கை வந்த நொடியில் ஓடும் நிகழ்ச்சியை யாரையும் கேட்காமல் நிறுத்தும் அதிகாரம் ஆகியவை முன்கூட்டியே வேண்டும். பெரும்பாலான இடங்களில் கோளாறு மூன்றாவதில்தான்: மேலதிகாரியின் அனுமதிக்காகக் காத்திருப்பது.

என்எச்கே 2007 அக்டோபரிலிருந்து நிலநடுக்க முன்னெச்சரிக்கையைத் திரையில் தானாகவே காட்டுகிறது. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலையில் எண்ணால் ஒரு சிக்கல் வந்தது. வானிலை நிறுவனத்தின் முதல் மதிப்பீடு மியாகியில் 6 மீட்டர், இவாத்தே, புக்குஷிமாவில் 3 மீட்டர். பிறகு அதைப் 10 மீட்டருக்கு மேல் என்று உயர்த்தினார்கள், அதற்குள் பல இடங்களில் மின்சாரம் போயிருந்தது. முதல் எண்ணைக் கேட்டுத் தடுப்புச்சுவர் போதும் என்று இருந்துவிட்டவர்கள் உண்டு. 2013 முதல் மிகப்பெரிய நிலநடுக்கத்தில் முதல் அறிவிப்பில் உயரத்தை எண்ணாகச் சொல்லாமல் ‘மிகப்பெரியது’ என்றே சொல்கிறார்கள். அறிவிப்பாளரின் குரலும் மாறியது. அமைதியாக வாசிக்கும் பழக்கத்தை விட்டு, ‘உடனே ஓடுங்கள், திரும்பிப் போகாதீர்கள்’ என்று அதட்டும் குரலில் சொல்லப் பயிற்சி தருகிறார்கள். 2024 ஜனவரி 1 நோட்டோ நிலநடுக்கத்தில் உலகமே அந்தக் குரலைக் கேட்டது.

கேள்வி: நேரலையில் வரும் எழுத்து வரிகள் பேச்சுக்குப் பின்தங்கி, தப்பும் தவறுமாக வருகின்றனவே. சோம்பேறித்தனமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. முன்பே பதிவான நிகழ்ச்சிக்குச் சப்டைட்டில் தயாரிக்க நேரம் உண்டு. அதில் தவறு வந்தால் தாராளமாகக் கண்டியுங்கள். நேரலையில் பல இடங்களில் மறுமொழிவாளர் என்று ஒருவர் இருப்பார். ஓடும் பேச்சைக் காதில் வாங்கி, நிறுத்தக் குறிகளையும் சேர்த்துச் சொல்லி, தன் குரலுக்குப் பழகிய மென்பொருளிடம் திருப்பிச் சொல்வார். அவர் கேட்டு, சொல்லி, மென்பொருள் எழுதி, திரைக்குப் போக ஐந்து முதல் எட்டு நொடி ஆகும். பெயர்ச் சொற்களில்தான் பிழை குவியும். நிகழ்ச்சிக்கு முன் பெயர்ப்பட்டியலை மென்பொருளில் ஏற்றிவைத்தால் அவை குறையும், ஏற்றாததைத்தான் சோம்பல் எனலாம்.

தரத்தை அளக்க ஒரு சூத்திரம் புழக்கத்தில் உள்ளது. மொத்தச் சொற்களிலிருந்து, சுருக்கும்போது நேர்ந்த பிழைகளையும் மென்பொருள் பிழைகளையும் கழித்து, மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்குவது. பொருளைத் தலைகீழாக்கும் பிழைக்கு முழு மதிப்பெண், சிறு பிழைக்குக் கால் மதிப்பெண் கழியும். 98 சதவீதம் வந்தால் ஏற்கலாம். கேட்க அதிகமாகத் தோன்றினாலும் 95 வந்தாலே வாசிக்க முடியாமல் போகும். வேகத்துக்கு பிபிசி-யின் வழிகாட்டுதல் நிமிடத்துக்கு 160 முதல் 180 ஆங்கிலச் சொல். தமிழ்போல் நீண்ட சொற்களுடைய மொழிகளுக்குச் சொற்கணக்கு உதவாது, எழுத்துக் கணக்கு வைக்க வேண்டும். பார்வையற்றோருக்கான ஒலி விவரிப்பு, சைகை மொழிச் சாளரம் இரண்டும் இன்னும் பின்தங்கியே உள்ளன. சைகை மொழிபெயர்ப்பாளரைக் கட்டைவிரல் அளவில் மூலையில் வைத்துவிட்டு அவருடைய கைமேல் செய்தி வரியை ஓடவிடும் சேனல்களை என்னவென்பது!

கேள்வி: எங்கள் நாட்டுப் பொதுச் சேனல் நடுநிலையானதா என்று சாதாரண ஆள் சோதிக்க முடியுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: முடியும். ஒரு நோட்டு, ஒரு நிறுத்துக் கடிகாரம், ஒரு வாரம் போதும்.

முக்கிய மாலைச் செய்தியைத் தொடர்ந்து ஏழு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் வாரமும் பெரும் பேரிடர் வாரமும் வேண்டாம், அவை இயல்பைக் காட்டாது. அதே ஏழு நாளில் ஒரு தனியார் சேனலின் செய்தியையும் பதிவுசெய்து வையுங்கள். ஒப்பிட ஒன்றில்லாவிட்டால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் கிடையாது. ஒவ்வொரு செய்திக்கும் நோட்டில் ஒரு வரி: எத்தனையாவது இடத்தில் வந்தது, எத்தனை நொடி, எந்த ஊர்ச் செய்தி, யார் தன் சொந்தக் குரலில் பேசினார், எத்தனை நொடி, அவர் ஆட்சித் தரப்பா, எதிர்த்தரப்பா, நிபுணரா, பொதுமக்களா, ஆணா பெண்ணா. அரை மணி நேரச் செய்தியை இப்படிக் குறிக்க ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

பலர் தடுக்கி விழுவது இரண்டு இடங்களில். முகம் தெரிந்ததை எல்லாம் ‘பேசினார்’ என்று எழுதிவிடுகிறார்கள். அமைச்சர் ரிப்பன் வெட்டும் காட்சி வேறு, அவர் குரல் ஒலிப்பது வேறு. இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் குறியுங்கள். அடுத்தது, தமக்கு எரிச்சலூட்டிய செய்தியை மட்டும் கவனமாக அளப்பது. இதற்கு மருந்து, உங்கள் அரசியலோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் ஒரு நாள் பதிவைக் கொடுத்துத் தனியாகக் குறிக்கச் சொல்வது. பத்தில் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால் உங்கள் வகைப்பாடு தெளிவில்லை, திருத்திவிட்டுத் தொடருங்கள்.

ஒப்பிடச் சில வரையறைகள் உண்டு. பிரான்சில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆர்காம், அரசியல்வாதிகளின் பேச்சு நேரத்தைக் கணக்கெடுக்கிறது. அதிபருக்கும் அரசுக்கும் மூன்றில் ஒரு பங்கு, மீதி கட்சிகளுக்கு அவற்றின் பலத்துக்கேற்ப. ஆட்சியில் இருப்பவர் கூடுதலாகப் பேசுவது இயல்பு. ஆனால் அமைதியான வாரத்தில் அவர்கள் பங்கு பாதியைத் தாண்டினால் கேள்வி எழுப்பலாம் என்பது எங்கள் கணிப்பு. பெண்கள் விஷயத்தில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் உலக ஊடகக் கண்காணிப்பில் செய்திகளில் இடம்பெறுவோரில் பெண்கள் 1995-ல் 17 சதவீதம், 2020-ல் 25. உங்கள் சேனல் அதற்கு மேலா, கீழா?

வராத செய்தியையும் தேடுங்கள். அன்றைய நாளிதழ்கள் மூன்றின் முதல் பக்கத்தை எடுத்து, எது திரையில் வரவே இல்லை என்று குறியுங்கள். சார்பு பெரும்பாலும் ஒளிந்திருக்கும் இடம் இதுதான், பொய் சொல்லும் சேனலைவிடப் பேசாமலிருக்கும் சேனலே அதிகம்.

இன்னொரு எச்சரிக்கை. இரு தரப்புக்கும் சம நொடி என்பது எல்லா இடத்திலும் நியாயமில்லை. பிபிசி-யின் அறிவியல் செய்திகளை ஆராய்ந்து 2011-ல் வந்த அறிக்கை, நிறுவப்பட்ட பருவநிலை அறிவியலுக்கு எதிரே ஒரு மறுப்பாளரை உட்காரவைத்துச் சமநிலை காட்டுவதைப் பிழை என்றது. வரிக்கொள்கையில் இரு தரப்பு உண்டு. தடுப்பூசியில் என்ன கலந்திருக்கிறது என்பதில் தரப்பு கிடையாது.

கேள்வி: புகார் கொடுத்தால் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி வருகிறது. எப்படி எழுதினால் அசைவார்கள்?

பதில்: ‘உங்கள் சேனல் முழுக்க ஒருதலைப்பட்சம்’ என்று எழுதினால் அந்த ஒரு வரிதான் வரும், அதில் விசாரிக்க எதுவும் இல்லை. நிகழ்ச்சியின் பெயர், தேதி, பிழை வந்த நிமிடம், சொன்ன வாசகம் சொல் மாறாமல், அது எப்படித் தவறு என்பதற்கு ஒரு சான்று, நிறுவனத்தின் சொந்த நெறிமுறையில் மீறப்பட்ட விதியின் எண், நீங்கள் கேட்பது திருத்தமா, விளக்கமா, இணையத்திலிருந்து நீக்கமா. ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு பிழை. ஐந்து பிழை எழுதினால் எளிதான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு நான்கை விட்டுவிடுவார்கள்.

காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். பிபிசி-யில் ஒளிபரப்பான 30 வேலை நாளுக்குள் எழுத வேண்டும். முதல் பதில் திருப்தியில்லை என்றால் அதே படியில் மீண்டும் கேட்கலாம், அதற்கடுத்து நிகழ்ச்சிக் குழுவைச் சாராத நிர்வாகப் புகார்ப் பிரிவு, அதற்கும் மேல் வெளி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம். நடுப்படியைத் தாண்டி நேராக மேலே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் நாட்டில் இத்தகைய வெளி அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தன்மேல் வந்த புகாருக்குத் தானே இறுதித் தீர்ப்புச் சொல்லும் நிறுவனத்தில் படிகள் எத்தனை இருந்தும் பயனில்லை. தகவல் அறியும் சட்டம் உள்ள நாடுகளில், கடந்த ஆண்டு எத்தனை புகார் வந்தது, எத்தனை ஏற்கப்பட்டது, எத்தனை திருத்தம் ஒளிபரப்பானது என்று மூன்று எண்களைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பிழையைத் திருத்தாமல் தள்ளிப்போடுவதன் விலையையும் பார்த்தோம். அமெரிக்க அதிபர் டிரம்பின் 2021 ஜனவரி 6 உரையின் வெவ்வேறு பகுதிகளை ஒரு பிபிசி நிகழ்ச்சி ஒட்டிக் காட்டியது பற்றிய உள்குறிப்பு வெளிவந்ததும், 2025 நவம்பரில் பிபிசி-யின் தலைமை இயக்குநரும் செய்திப் பிரிவுத் தலைவரும் விலக நேர்ந்தது. நிகழ்ச்சி ஒளிபரப்பானது 2024-ல். இடைப்பட்ட மாதங்களில் ஒரு திருத்தம் வெளியிட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

கேள்வி: ஓடிடி யுகத்தில் இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு?

பதில்: ஜோசியம் வேண்டாம். இப்போது சண்டை நடக்கும் இடங்களைச் சொல்கிறோம். ஒன்று, புதுப் பெட்டியின் முகப்புத் திரை. எந்தச் செயலி முதலில் தெரிய வேண்டும் என்பதைப் பெட்டித் தயாரிப்பாளர் விற்கிறார். பிரிட்டன் தன் 2024 ஊடகச் சட்டத்தில் பொதுச் சேவைச் செயலிகளை எளிதில் கண்ணில்படும் இடத்தில் வைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இரண்டு, விளையாட்டு. உலகக் கோப்பை, ஒலிம்பிக் போன்றவை இலவசமாகத் தெரிய வேண்டும் என்று பிரிட்டனில் 1996 சட்டமும், முக்கியப் போட்டிகளின் சிக்னலைப் பிரசார் பாரதிக்குப் பகிர வேண்டும் என்று இந்தியாவில் 2007 சட்டமும் உள்ளன. பார்வை இணையத்துக்கு நகர நகர இந்தச் சட்டங்களைத் திருத்தியாக வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பழையபடி பணம். அமெரிக்காவில் 1967 சட்டத்தால் உருவான பொது ஒளிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை 2025 ஜூலையில் நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. கழகம் தன்னை மூடிக்கொள்வதாக அடுத்த மாதமே அறிவித்தது. நன்கொடையாளர் நிறைந்த பெருநகர நிலையங்களுக்கு அந்தப் பணம் வரவில் சிறு பகுதியாகவே இருந்தது, அவை தாக்குப்பிடிக்கும். ஆள் குறைந்த கிராமப்புற நிலையங்களில் சிலவற்றுக்குப் பாதிக்கும் மேல் அதுவாகத்தான் இருந்தது. உள்ளூர்ச் செய்திக்கும் புயல் எச்சரிக்கைக்கும் அவற்றைத் தவிர வேறு ஆளில்லாத வட்டாரங்களும் அவையே.